அல்ஃபியேரேயின் போர்வையைத் தோய்த்தவள்

அல்ஃபியேரேயின் போர்வையை யார் தோய்த்தது என்று எந்தச் சித்திரக்கதை இதழிலும் போட்டதில்லை. அட்டைப் படத்தில் பச்சை, வெள்ளை, சிவப்பு மூன்றும் பளிச்சென்று தெரிய ஓடி வருவான். உள்ளே அதே போர்வையால் ஒருவனின் காயத்தைக் கட்டுவான், எரிகிற வீட்டில் நெருப்பை அடித்து அணைப்பான், கிணற்றில் விழுந்தவளை அதிலேயே தூக்கி எடுப்பான். அடுத்த இதழில் பார்த்தால் ஒரு கறை இல்லை. கதை எழுதினதும் ஆண்கள், படம் வரைந்ததும் ஆண்கள். உடுப்பு தானாகத்தான் வெளுக்கும் என்று நினைத்திருப்பார்கள், பாவங்கள்.

தானாக வெளுக்கவில்லை. அதைத் தோய்த்தவள் நான். பெயர் பிலோமினா, சொந்த இடம் மன்னார். இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சலவைக் கடையில் இருபத்தெட்டு வருடம் உடுப்பு மினுக்கினேன். போன வருடம்தான் ஸ்திரிக்கைப் பெட்டியைக் கீழே வைத்தேன்.

இதை எழுத வைத்தவள் நிரோஷா. கடையில் என் மேசையில் இப்போது நின்று மினுக்குகிற பிள்ளை. கார்னிவலுக்கு முன் ஒரு பெட்டி நிறையச் சிறுவர் வேட உடுப்புகள் கடைக்கு வந்தனவாம், எல்லாம் அல்ஃபியேரே, எல்லாம் பொலியெஸ்டர். “அன்ரி, ரீவியிலை எத்தினை புது வீரர்கள் வருகினம், இந்தக் கிழடை ஏன் இன்னும் பிள்ளையள் கேக்குதுகள்?” என்று தொலைபேசியில் கேட்டாள். நேரே போய்ப் பார்த்தேன். துணியில் ஒரு சீட்டுத் தைத்திருந்தது: ஸ்திரிக்கைப் பெட்டியின் படம், அதன் மேல் ஒரு குறுக்குக் கோடு. என் தொழிலையே குறுக்காக வெட்டி விட்டிருந்தார்கள். நிரோஷாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் தொலைபேசியில் அடங்காது, அதனால் எழுதுகிறேன்.

அல்ஃபியேரே என்றால் கொடி தூக்குகிறவன் என்று அர்த்தம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு இத்தாலியில் வந்த சித்திரக்கதை. மற்ற நேரத்தில் அவன் ஒரு தபால்காரன். தபால் பைக்குள் நாட்டுக் கொடியை மடித்து வைத்திருப்பான். எங்கேயாவது அநியாயம் நடந்தால் அதை எடுத்துத் தோளில் கட்டிக்கொண்டு ஓடுவான். பறக்கத் தெரியாது, சுடத் துவக்குக் கிடையாது. ஓடித்தான் வருவான், அதனால் எப்போதும் பிந்தித்தான் வருவான். எல்லாரும் நம்பிக்கையை விட்ட பிறகு, கடைசிக்கு முந்திய பக்கத்தில் மூச்சிரைக்க வந்து நின்று ஒரே ஒரு சொல் சொல்வான்: எக்கோமி. வந்துவிட்டேன் என்பதுதான் அதன் கருத்து.

நான் பலெர்மோவுக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மூன்று வயது மகள் அனிற்றாவை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். முதலில் வீடுகளில் தரை துடைத்தேன். பிறகு சிஞ்ஞோரா ரொசாலியாவின் சலவைக் கடையில் மணிக்கணக்கு வேலை கிடைத்தது. பழகின கதை நீளம், சுருக்கிச் சொல்கிறேன்: முதல் வருடம் பொத்தான் தைத்தேன், அடுத்த வருடம் கொலர் மினுக்கினேன், அதற்கடுத்த வருடம்தான் வெள்ளைச் சட்டையின் முதுகைத் தொட விட்டார்.

சிஞ்ஞோரா மெலிந்த மனுஷி. கறுப்புச் சங்கிலியில் மூக்குக்கண்ணாடி தொங்கும். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தியிருந்தால் கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். உடுப்பு சரியில்லை என்றால் மோதிர விரலால் மேசையில் இரண்டு முறை தட்டுவார். திரும்பச் செய் என்று அர்த்தம். ஒரே சட்டைக்கு ஐந்து தரம் தட்டு வாங்கிய நாளும் உண்டு. நன்றாகச் செய்திருந்தால் வாயைத் திறக்க மாட்டார். ஒரு மண்டரின் தோடம்பழத்தை உரித்து, பாதியைத் தான் தின்று, மறுபாதியை என் மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார். மண்டரின் இல்லாத கோடை மாதங்களில் நான் செய்கிற வேலை நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவே தெரியாது.

கடையில் காத்திருப்பவர்களுக்கு ஒரு நாற்காலியும், அதன் கீழே ஒரு மரப்பெட்டியும் இருந்தன. பெட்டி நிறைய சிஞ்ஞோராவின் இறந்துபோன கணவர் சேர்த்து வைத்த அல்ஃபியேரே இதழ்கள். நான் இத்தாலியம் படித்தது அந்தப் பெட்டியில்தான். எழுத்துப் பெரியது, வசனம் சின்னது, படத்தைப் பார்த்தால் பாதி விளங்கும். ஆனால் அது நாற்பது வருடத்துக்கு முந்திய வீரனின் இத்தாலியம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலக வாசலில் நின்றபோது ஒருவன் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போனான். நான் கையை நீட்டி, “பின்வாங்கு, கயவனே! நீதி உறங்குவதில்லை” என்று சொன்னேன். வரிசை முழுவதும் சிரித்தது. அவனும் சிரித்தான், ஆனால் பின்வாங்கினான். எனக்கு அது போதும்.

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்லவேண்டும். எனக்குக் கொடி என்றால் பயம். எங்கள் ஊரில் ஒரு கொடி ஒரு சோதனைச்சாவடியில் பறந்தது, இன்னொரு கொடி இன்னொரு சாவடியில் பறந்தது. இரண்டுக்கும் முன்னால் தலையைக் குனிந்துதான் நடந்தோம். ஆனால் இந்த அல்ஃபியேரே தன் கொடியை ஒரு இடத்திலும் நட்டு வைத்துச் சலூட் அடிக்கச் சொல்லவில்லை. குளிரில் நடுங்கினவளுக்குப் போர்த்தினான், உடைந்த காலுக்குக் கட்டுப் போட்டான், ஓட்டைப் படகுக்குப் பாயாகக் கட்டினான். அவனுக்குக் கொடி ஒரு துணி. துணியோடு பிழைக்கிற எனக்கு அவனைப் பிடித்துப்போனதில் என்ன அதிசயம்?

இனி அந்தப் போர்வையின் கதைக்கு வருகிறேன். மாஃபியாக்காரர் இரண்டு நீதவான்களைக் குண்டு வைத்துக் கொன்ற கோடையில் பலெர்மோ பெண்கள் எதிர்ப்பைக் காட்டப் பால்கனிகளில் வெள்ளை விரிப்புகளைத் தொங்க விட்டார்கள். அந்தத் துக்கம் நகரத்தை விட்டுப் போகவில்லை. அதற்கடுத்த மார்ச் மாதம் சிஞ்ஞோர் கயெத்தானோ என்ற உயரமான கிழவர் ஒரு கடதாசிப் பொதியோடு கடைக்கு வந்தார். பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில், அவருடைய உயரத்தைப் பார்த்து, சித்திரக்கதைக் கம்பனிக்காரர் அவருக்கு அல்ஃபியேரே வேடம் போட்டுச் சதுக்கம் சதுக்கமாக அனுப்பினார்களாம். வுச்சீரியாச் சந்தைப் பக்கம் உள்ள ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில், பயந்து போயிருக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் ஒருமுறை வந்து நிற்கச் சொல்லி ஆசிரியைகள் கேட்டிருந்தார்கள். பத்து நாள் தவணை. பொதியைப் பிரித்தார். கர்ப்பூர மணத்தோடு அந்தப் போர்வை வெளியே வந்தது.

சிஞ்ஞோரா மேசையில் ஒரு வெள்ளை விரிப்பை விரித்து அதன் மேல் போர்வையை வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளிம்பு விளிம்பாகப் பார்த்தார். பருத்தித் துணி, மூன்று பட்டை, நீளப்பாட்டில் இரண்டு தையல். வெள்ளை தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. கழுத்துக் கொளுக்கி இருந்த இடத்தில் துரு. நடுவில் பழைய வைன் கறை. பிறகு ஒரு வெள்ளைத் துணித் துண்டை நனைத்து, சிவப்புப் பட்டையின் உள்மடிப்பில் வைத்து, மேலே இளஞ்சூட்டுப் பெட்டியை வைத்துப் பத்து வரை எண்ணினார். துண்டை எடுத்தபோது அது சிவந்திருந்தது. சிஞ்ஞோராவின் பேச்சை நான் எங்கள் தமிழில்தான் எழுதுகிறேன், என் தலைக்குள் அது அப்படித்தான் கிடக்கிறது.

“சேத்துத் தோய்ச்சால் வெள்ளை றோஸ் ஆயிடும்,” என்றார். “றோஸ் கொடி எந்த நாட்டுக்கும் இல்லை, ஃபிலோமேனா. தையலைப் பிரி.”

கயெத்தானோ போன பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு தட்டச்சுக் கடதாசியை எடுத்துக் காட்டினார். என் பெயரில் ஒரு கொந்த்ராத்தோ, முறையான வேலை ஒப்பந்தம். கீழே கையெழுத்து மட்டும் இல்லை. ஒரு வருடமாக நான் கேட்டுக் கேட்டு வாய் புளித்த கடதாசி. என் பெர்மெஸ்ஸோ அந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்க இந்தக் கடதாசி வேண்டும். அனிற்றாவை என்னிடம் கூப்பிட விண்ணப்பம் போடவும் இதுதான் வேண்டும். அனிற்றாவுக்கு அப்போது ஒன்பது வயது நடந்தது. அவளுடைய ஒவ்வொரு கடிதமும் “எப்ப அம்மா?” என்றுதான் முடியும். ஒரு ஆளைக் கடையில் எழுதுவதென்றால் கடையையே எழுதிக் கொடுக்கிற மாதிரி என்பது சிஞ்ஞோராவின் எண்ணம். இந்த வேலை சரியாக முடிந்தால் கையெழுத்து வைப்பேன் என்று சொல்லி லாச்சியை மூடினார்.

பிரித்தேன். வளைந்த சின்னக் கத்தரிக்கோலால் மூன்று தையலுக்கு ஒரு தையல் வெட்டி, மறுபக்கத்து நூலை மெதுவாக இழுக்கவேண்டும். அவசரப்பட்டால் துணி கிழியும். இரண்டு தையலுக்கு இரண்டு பின்னேரம் போனது. வெள்ளையைச் சோப்பில் ஊறவைத்து அவித்தேன். துருவுக்குத் தேசிக்காய்ப் புளியும் உப்பும் பூசி வெயிலில் வைத்து, காய்ந்ததும் அலசி, திரும்பவும் பூசினேன். மூன்றாம் தரம்தான் துரு விட்டது. வைன் கறை பட்ட இடத்தை ஒரு சட்டியின் வாயில் இழுத்துக் கட்டி, சிஞ்ஞோரா நாற்காலியில் ஏறி நின்று உயரத்திலிருந்து கொதிநீரை ஊற்றினார். சிவப்பைக் குளிர்ந்த தண்ணீரில் வினாகிரியும் உப்பும் விட்டு அலசினேன். ஒன்பதாம் தண்ணீர்தான் தெளிவாக வந்தது. நிழலில் காயவிட்டேன். பிறகு பழைய ஊசித் துளைகளிலேயே ஊசியை ஏற்றி மூன்றையும் திரும்பச் சேர்த்தேன். அன்றைக்கு மேசை ஓரத்தில் பாதி மண்டரின் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நிகழ்ச்சிக்கு முதல்நாள் காலை ஸ்ஃபெர்ராகவால்லோவிலிருந்து சிஞ்ஞோராவின் தங்கை விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அவர் பஸ் பிடித்துப் போனார். மிச்சம் இருந்தது கடைசி மினுக்கல் மட்டும்தான். அதை என்னிடம் விட்டுப் போனார், ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஐந்தாம் வருடக்காரிக்கு என்ன சொல்ல இருக்கிறது?

இங்கேதான் நான் பிழை விட்டேன். மன்னாரில் எங்கள் கோயிலில் திருநாளுக்குக் கொடியேற்றுவார்கள். அந்தக் கொடியைத் தோய்ப்பது எங்கள் வீட்டு முறை. தோய்த்த கொடிக்குக் கட்டிக் கஞ்சி போடவேண்டும், அதுவும் மூன்று முக்கு. அப்போதுதான் சின்னக் காற்றுக்கும் விரிந்து நிற்கும். கொடி என்றால் கஞ்சி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று என் கை தானாகவே போனது. கடையில் பெட்டியில் வருகிற மாப்பொடி கொலருக்கும் பீடத் துணிக்கும்தான், அதுவும் ஒரு கரண்டி. எனக்கு அது போதாது. பின்னறையில் சோறு வடித்தேன், கஞ்சியை இறுக்கி வடிகட்டி ஆறவைத்தேன், போர்வையை விரித்துப் பிடித்து மூன்று தரம் முக்கினேன். நிறம் கசியவில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். பின் சந்து நிழலானது. அங்கே ஒரு கயிற்றில், தோள் பக்கத்தில் இரண்டே இரண்டு கவ்வி போட்டுத் தொங்க விட்டேன். அரை ஈரத்தில் எடுத்து மினுக்குவதாக எண்ணம்.

அன்றைக்கென்று பார்த்து வாடிக்கையாளர் ஒருவர் மாறி ஒருவர். நான் திரும்பிப் போனபோது நாலரை மணி இருக்கும். துறைமுகப் பக்கத்துக் காற்று சந்துக்குள் புகுந்து போர்வையைப் பின்னுக்கு ஊதித் தள்ளியிருந்தது. ஊதினபடியே அது காய்ந்தும் விட்டது. காற்று நின்றது, போர்வை இறங்கவில்லை. தட்டினேன், பலகையில் தட்டின சத்தம் வந்தது. மடிக்கப் பார்த்தேன், மடியவில்லை.

சிஞ்ஞோரா வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வந்தார். கொளுக்கியில் பின்னுக்கு நீட்டிக்கொண்டு நிற்கிற போர்வையைப் பார்த்தார். மோதிரத்தால் தட்டவில்லை. காத்திருப்பவர்களுக்கான நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இது என்ன என்று கேட்டார். கொடி என்று சொன்னேன்.

“கொடி இல்லை, ஃபிலோமேனா,” என்றார். “ஒரு மனிசன் போடுற உடுப்பு.”

ஈரம் போட்டால்தான் கஞ்சி இளகும். சேர்த்துத் தைத்த துணியில், இளகும் அளவுக்கு ஈரமும் அதன் மேல் சூட்டுப் பெட்டியும் பட்டால் சிவப்பு வெள்ளைக்குள் இறங்கும். திரும்பத் தையல் பிரிக்க இரண்டு நாள் வேண்டும், இருந்ததோ ஒரு இரவு. இதெல்லாம் என்னை விட அவருக்கு நன்றாகத் தெரியும். எழுந்து லாச்சியைப் பூட்டினார். திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “நாளைக்குக் காலமை நீயே கொண்டுபோய்க் குடு. என்ன செய்தனி எண்டு நீயே அவருக்குச் சொல்லு” என்றார். திட்டியிருந்தால் நல்லாயிருக்கும் என்று நினைத்தேன். அனிற்றாவுக்கு என்ன எழுதுவது என்று யோசித்து யோசித்து விடிந்துவிட்டது.

காலையில் போர்வை கடை வாசலால் நேராக வெளியே வரவில்லை. பக்கவாட்டில் திருப்பித்தான் எடுத்தேன். கையில் பிடித்தால் தெருவில் இடிபடும். கடையின் இரும்புக் கதவை இழுத்து இறக்குகிற நீளக் கொளுக்கித் தடியில் அதை மாட்டி, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு வியா மக்வேதாவில் இறங்கினேன். கொடிக்கு முன்னால் தலை குனிந்தே பழகினவள், வாழ்க்கையில் முதல் தரம் ஒரு நாட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அதுவும் அடுத்தவன் நாட்டுக் கொடி. அதுவும் குற்றம் ஒப்புக்கொள்ளப் போகிற வழியில்.

முதலில் ஒரு முடிதிருத்துகிறவர் சவரக்கத்தியோடு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் முகத்தில் பாதி நுரையோடு அவருடைய வாடிக்கையாளர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “அல்ஃபியேரே!” என்றார்கள். ஒரு பஸ் நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டி, ஆள் எங்கே என்று கேட்டான். எனக்கு இருந்த பதற்றத்தில் பெட்டிக்குள் படித்த இத்தாலியம்தான் வாயில் வந்தது.

“அவர் பிந்தித்தான் வருவார். ஆனால் வருவார்.”

அது ஒவ்வொரு இதழிலும் யாராவது ஒரு கிழவி சொல்லுகிற வசனம். தெருவுக்கே அது மனப்பாடம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் கை தட்டினார்கள். கொஞ்சப் பேர் இறங்கியே வந்துவிட்டார்கள். கடைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், அரசாங்கத்தை ஒருநாளும் நம்பாத கிழவர்கள் என்று ஒவ்வொருவராகப் பின்னால் சேர்ந்தார்கள். வுச்சீரியாச் சந்தைக்குள் நுழைந்தபோது மீன்காரர் வாள்மீனை வெட்டினது பாதியில் விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கறுப்பு உடுத்த ஒரு பெண் போர்வையின் விளிம்பைத் தொடலாமா என்று கேட்டாள். நான் தடியைத் தாழ்த்தினேன்.

“போன கோடையிலை வெள்ளை விரிப்புத்தான் தொங்க விட்டனான். கொடி போட மனம் வரேல்லை. இதெண்டால் போடுவன்,” என்றாள்.

பள்ளிக்கூட முற்றத்தின் பக்க அறையில் கயெத்தானோ வெள்ளை அங்கியோடு காத்திருந்தார். கதவிடுக்கால் முற்றத்தைக் காட்டி, அந்தப் பிள்ளைகளுக்குத் தான் யாரென்று தெரியாது, ஒரு கிழவன் துவாயைக் கட்டிக்கொண்டு வருகிறான் என்று சிரிக்கப் போகிறார்கள் என்றார். நான் தடியிலிருந்து போர்வையை இறக்கி முன்னால் வைத்தேன்.

“சிஞ்ஞோர், நான் பிழை விட்டிட்டன். கஞ்சி போட்டிட்டன். இது மடியாது, இறங்காது. சிஞ்ஞோராவிலை ஒரு பிழையும் இல்லை.”

அவர் போர்வையைச் சுற்றி நடந்தார். விரலால் தட்டிப் பார்த்தார். அந்த அறையில் ஒரு பொட்டுக் காற்று இல்லை, போர்வை மட்டும் பறந்தபடி நின்றது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வந்தது. அட்டைப் படத்தில் எப்போதும் பறக்கிற போர்வை தன் முதுகில் ஒருநாளும் பறந்ததில்லையாம். சதுக்கத்துக்குச் சதுக்கம் பொடியன்கள் “காற்றை வீட்டில் விட்டுவிட்டு வந்தாயா?” என்று கத்துவார்களாம். நாற்பது வருடமாக அந்தக் கேள்வி காதுக்குள் இருக்கிறது என்றார்.

“கட்டிவிடு, பிள்ளை,” என்று முதுகைத் திருப்பினார்.

கட்டினேன். கதவைத் திறந்தேன். முற்றத்தில் ஓர் இலை அசையவில்லை. எழுபது வயது மனிதர் வெயிலுக்குள் மெதுவாக நடந்து போனார், போர்வை அவருக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்த ஒரு பாகம் தூரம் நீட்டிப் பறந்துகொண்டு போனது. பிள்ளைகள் முதலில் அப்படியே உறைந்து போனார்கள். அவர் நடுவில் நின்றார், மூச்சை இழுத்தார்.

“எக்கோமி.”

அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பிள்ளைகள் மட்டுமில்லை, மதிலுக்கு வெளியே என்னோடு நடந்து வந்தவர்களும் கத்தினார்கள். மீன்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். என் சட்டை இரண்டு நாள் வாள்மீன் மணத்தது. நானும் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். என் கஞ்சி பறந்தது! சித்திரக்காரர்கள் மையால் மட்டுமே செய்ததை நான் ஒரு சுண்டு அரிசிச் சோற்றில் செய்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் மதில் ஓரத்தில் சிஞ்ஞோரா. கடையைப் பூட்டிவிட்டு என் பின்னாலேயே வந்திருக்கிறார். பக்கத்தில் வந்து நின்று, கைப்பையைத் திறந்து, கடைசிப் பருவத்து மண்டரின் ஒன்றை எடுத்து உரித்தார். பாதியாகப் பிரிக்கவில்லை. முழுதாக என் கையில் வைத்தார். பிறகு அதே கைப்பையிலிருந்து கொந்த்ராத்தோவை எடுத்து, பள்ளிக்கூட மதிலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பூட்டின லாச்சியிலிருந்து அதை எப்போது எடுத்தார், அன்று இரவேயா, விடியவா, இல்லை என் பின்னால் வருவதற்கு முன்னா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் பீற்றுகிறேன் என்பீர்கள். பீற்றத்தான் போகிறேன். நாடகக்காரர், கார்னிவல்காரர், ஊர்வலத்தில் சிறகு கட்டிச் சம்மனசு வேடம் போடும் பிள்ளைகளின் தாய்மார் என்று எங்கெங்கோ இருந்து போர்வைகளும் செட்டைகளும் வந்தன. உடுப்பில் குத்துகிற துண்டில் சிஞ்ஞோரா முன்னெல்லாம் கஞ்சியோடு, கஞ்சி இல்லாமல் என்று இரண்டுதான் எழுதுவார். இப்போது மூன்றாவதாக ஒன்றையும் எழுதத் தொடங்கினார்: காற்றோடு. அந்தத் துண்டு குத்தின உடுப்பைத் தொட எனக்கு மட்டும்தான் உரிமை. காற்றுப் போதாது என்று எனக்கு இரண்டு தட்டு விழுந்த நாட்களும் உண்டு.

பெர்மெஸ்ஸோ கிடைத்தது. அனிற்றாவுக்கான கடதாசிகள் ஒவ்வொன்றாக, ஆடி அசைந்து வந்தன. டிசம்பரில் அவள் வருவது உறுதியான அன்று கயெத்தானோ இன்னும் மடியாத அதே போர்வையோடு கடைக்கு வந்து நின்றார். தானும் விமான நிலையத்துக்கு வருகிறாராம், வெறும் தோளோடு வரமாட்டாராம். சிஞ்ஞோரா துண்டை எடுத்து, பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் யோசித்தேன். மன்னார் வெயிலிலிருந்து வருகிற பிள்ளை, அக்கா தைத்த பருத்திச் சட்டையோடுதான் வரும். காற்று வேண்டாம் என்று சொன்னேன். திரும்பத் தையலைப் பிரித்து, மூன்று பட்டையிலும் கஞ்சி போகும்வரை அலசி, சேர்த்துத் தைத்தேன்.

புந்தா ராய்சி விமான நிலையத்தில் அவள் வரவேண்டிய விமானம் வந்தது. எல்லாரும் வெளியே வந்தார்கள், அவள் வரவில்லை. ரோமில் விமானம் மாறும்போது தவறவிட்டிருக்கிறாள், அடுத்ததில் வருவாள் என்றார்கள். மூன்று மணித்தியாலம் நின்றேன். கயெத்தானோ போர்வையோடு பக்கத்தில் நின்றார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், இரண்டு பேர் கையொப்பம் கேட்டார்கள். அவர் என் காதுக்குள், பிந்தித்தான் வருவாள், ஆனால் வருவாள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியாகக் கதவு திறந்தது. மெல்லிய பருத்திச் சட்டை, கழுத்தில் தொங்குகிற பிளாஸ்டிக் பையில் பாஸ்போர்ட், இரண்டு பின்னல். மூன்று வயதில் விட்டு வந்த முகத்தை நான் தேடினேன், அது அங்கே இல்லை. அவள்தான் என்னை முதலில் கண்டாள். நேரே என் முன்னால் வந்து நின்றாள். கயெத்தானோ நெஞ்சை நிமிர்த்தித் தன் வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

“வந்திட்டன், அம்மா.”

என்ன சொன்னாள் என்று அவர் கேட்டார். எக்கோமி என்று சொல்கிறாள் என்றேன். அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். கழுத்துக் கொளுக்கியைக் கழற்றி, போர்வையை எடுத்து, குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற என் பிள்ளைக்குப் போர்த்திவிட்டார். கஞ்சி போடாத துணி, நன்றாகச் சுற்றிக்கொண்டது.